விலையில் சேராத மூச்சு

குறட்டை விட்டு உறங்கும் நாயைக் கண்டால் வீட்டில் உள்ளவர்களுக்குச் சிரிப்பு வருகிறது. கைப்பேசியில் படம் பிடித்து உறவினர்களுக்கு அனுப்புகிறார்கள். தட்டையான முகம், பிதுங்கிய கண்கள், மடிந்த நெற்றி, வாயோரம் தொங்கும் நாக்கு என அந்த நாயின் தோற்றம் முழுவதுமே வேடிக்கைப் பொருளாகிவிட்டது. பெரும்பாலான நேரங்களில் அந்தக் குறட்டை, அடைபட்ட மூச்சுப்பாதையின் ஒலி என்பதைக் கால்நடை மருத்துவர் எடுத்துச் சொன்ன பிறகுதான் பலர் அறிகிறார்கள்.

வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி எனப் பாலாற்றை ஒட்டி நீளும் தோல் தொழில் பகுதியிலும் 'பக்' இன நாய்கள் நடுத்தரக் குடும்பங்களின் வீடுகளுக்குள் வந்துவிட்டன. எங்கள் வீட்டிலும் ஒன்பது ஆண்டுகளாக ஒன்று வாழ்கிறது. அதன் மூச்சை நாள்தோறும் கவனித்து அறிந்தவற்றையும், பொருளியல் கற்பித்தவன் என்ற முறையில் அந்த மூச்சின் விலை குறித்து எனக்குத் தோன்றுவதையும் எடுத்துரைப்பது, இத்தகைய நாயை வளர்ப்போருக்கும் இனி வாங்க நினைப்போருக்கும் பயன்படக்கூடும்.

பக், பிரெஞ்சு புல்டாக், ஆங்கில புல்டாக் ஆகியவை குறுமுக இனங்கள். பல தலைமுறைகளாக, முகம் குட்டையாக உள்ள நாய்களையே தேர்ந்தெடுத்து இணைசேர்த்ததன் விளைவாக இவற்றின் முக எலும்பு சுருங்கியது. ஆனால், எலும்பு சுருங்கிய அளவுக்கு உள்ளே இருக்கும் தசை சுருங்கவில்லை. நீளமான முகத்துக்குள் அடங்க வேண்டிய மென்னண்ணம், நாக்கு, மூக்கின் உள்மடிப்புகள் அனைத்தும் ஒரு சிறிய பெட்டிக்குள் திணிக்கப்பட்டதுபோல் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. நாசித் துளை கீறல்போல் குறுகிவிடுகிறது. நீண்டு தொங்கும் மென்னண்ணம் குரல்வளையின் வாயிலை மறைக்கிறது. சில நாய்களுக்கு மூச்சுக்குழலே பிறவியில் ஒடுங்கியிருக்கிறது. ஒவ்வொரு முறையும் காற்றை வலிந்து உறிஞ்சுவதால், ஆண்டுகள் செல்லச் செல்லக் குரல்வளைத் தசைகள் வீங்கி, முற்றிய நிலையில் குரல்வளையே உட்குழிந்துவிடுகிறது. மருத்துவர்கள் இதைக் குறுமுக நாய்களின் மூச்சுப்பாதை அடைப்பு நோய் என்கிறார்கள். இது தானே குணமாவதில்லை, கவனிக்காவிட்டால் முற்றுகிறது.

பக் நாய் எப்போதும் இப்படி இருந்ததில்லை. சீனத்தில் தோன்றி, 16-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்குச் சென்ற இனம் அது. ஆங்கில ஓவியர் வில்லியம் ஹோகார்த் 1745-இல் தம்மையும் தம் பக் நாயையும் தீட்டிய ஓவியத்தில், அந்த நாய்க்கு ஓரளவு நீண்ட முகவாய் இருப்பதைக் காணலாம். இன்றைய தட்டை முகம், பிற்காலத்தில் அழகுப் போட்டிகளும் வாங்குவோரின் விருப்பமும் சேர்ந்து செதுக்கியது.

நாய்க்கு மூக்கு மூச்சுவிடும் உறுப்பு மட்டுமன்று; அதுதான் அதன் குளிரூட்டியும்கூட. நமக்கு உடல் முழுவதும் வியர்க்கிறது. நாய்க்குப் பாதங்களின் அடியில் சிறிதளவு வியர்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. நாக்கைத் தொங்கவிட்டு வேகமாக மூச்சிரைத்து, மூக்கிலும் வாயிலும் உள்ள ஈரத்தை ஆவியாக்கித்தான் அது தன் உடல் வெப்பத்தைத் தணித்துக்கொள்கிறது. மூச்சுப்பாதை குறுகிய நாய்க்கு, வெப்பத்தைத் தணிக்கச் செய்யும் இந்த முயற்சியே கூடுதல் வெப்பத்தை உண்டாக்குகிறது. வேகமாக மூச்சிழுக்கத் தசைகள் உழைக்கின்றன. தசைகள் உழைக்க உழைக்க உடல் சூடேறுகிறது. சூடேற ஏற இன்னும் வேகமாக மூச்சிரைக்கிறது. அந்த உரசலில் தொண்டை வீங்கிப் பாதை மேலும் அடைபடுகிறது. இந்தச் சுழல் சில நிமிடங்களிலேயே உயிருக்கு ஆபத்தாக முடியலாம். பிரிட்டனில் 2020-இல் வெளியான ஓர் ஆய்வு, லேப்ரடார் நாயுடன் ஒப்பிடும்போது வெப்பத்தாக்கு நோய்க்கு ஆளாகும் வாய்ப்பு பக் நாய்க்கு ஏறத்தாழ 3 மடங்கும், பிரெஞ்சு புல்டாக்குக்கு 6 மடங்கும், ஆங்கில புல்டாக்குக்கு சுமார் 14 மடங்கும் இருப்பதாகக் கண்டறிந்தது.

அது பிரிட்டனின் கோடையில் எடுக்கப்பட்ட கணக்கு. கத்திரி வெயிலில் வேலூரின் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது நமக்குச் செய்தியே அல்ல. சுற்றிலும் பாறைக் குன்றுகள், மணல் மட்டும் கிடக்கும் ஆறு, இரவிலும் ஆறாத மொட்டைமாடி. நாயின் இயல்பான உடல் வெப்பம் சுமார் 38 முதல் 39 டிகிரி. அது 41 டிகிரியைத் தாண்டினால் உள்ளுறுப்புகள் பழுதடையத் தொடங்கும். இடைவெளி எவ்வளவு சிறியது என்பதைப் பாருங்கள்.

வெயிலுடன் இப்பகுதியின் காற்றையும் சேர்த்தே பேச வேண்டும். தோலிலிருந்து முடியை நீக்கச் சுண்ணாம்பும் சோடியம் சல்ஃபைடும் பயன்படுகின்றன. அந்தக் கழிவுநீர் அமிலத்துடன் சேர்ந்தால் அழுகிய முட்டை நாற்றமுடைய ஹைட்ரஜன் சல்ஃபைடு வெளிப்படுகிறது. சுண்ணாம்பை அகற்றும் கட்டத்தில் அம்மோனியா வருகிறது. காலணித் தயாரிப்பில் பசையிலிருந்தும் மேற்பூச்சிலிருந்தும் கரைப்பான்களின் ஆவி எழுகிறது. இவை மூச்சுப்பாதையின் மென்சவ்வை உறுத்தி வீங்கச் செய்யக்கூடியவை. ஒரு குழாயின் ஆரம் பாதியாகக் குறைந்தால், அதில் சீராக ஓடும் காற்றுக்கு ஏற்படும் தடை இரண்டு மடங்காக அன்றி, 16 மடங்காகப் பெருகுகிறது என்பது இயற்பியல் விதி. அகன்ற மூச்சுப்பாதை உள்ள தெருநாய்க்குச் சிறு தும்மலோடு போகும் வீக்கம், ஏற்கெனவே குறுகிய பாதையுடைய நாய்க்குப் பெருந்துன்பமாவது இதனால்தான்.

முதற்கண் செய்ய வேண்டியது, நோயை நோய் என்று அறிந்துகொள்வது. லண்டன் அரச கால்நடை மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் 2012-இல் வெளியிட்ட ஆய்வொன்றில், மூச்சுப்பாதை அடைப்பு உறுதிசெய்யப்பட்ட நாய்களின் உரிமையாளர்களில் 58 விழுக்காட்டினர், தங்கள் நாய்க்கு மூச்சுச் சிக்கல் ஏதுமில்லை என்றே கூறினர். 'இந்த இனமே இப்படித்தான்' என்பது அவர்களின் பதில். நம் ஊரிலும் இதே பதிலைத்தான் கேட்கிறோம். விழித்திருக்கும்போதும் மூக்கொலி கேட்பது, சிறிது நடந்தாலே உட்கார்ந்துவிடுவது, உண்டதைச் செரிக்காமல் எதிர்க்களிப்பது, உட்கார்ந்தபடியோ தலையை உயரமான பொருளின்மீது சாய்த்தோ உறங்குவது, உறக்கத்தில் மூச்சு நின்று திடுக்கிட்டு எழுவது ஆகியவை அடைப்பின் அறிகுறிகள். எங்கள் நாய் பல மாதங்கள் தலையணை விளிம்பில் தாடையை ஏற்றிவைத்துத் தூங்கியதை நாங்கள் செல்லம் என்று நினைத்தோம். தலையை உயர்த்தினால்தான் தொண்டை திறக்கிறது என்பதை மருத்துவர் விளக்கினார்.

இத்தகைய நாயுடன் வாழ்வது ஓர் ஒழுங்கைக் கோருகிறது. உடல் எடைதான் முதல் எதிரி. தொண்டையைச் சுற்றிப் படியும் கொழுப்பு ஏற்கெனவே குறுகிய பாதையை நெரிக்கிறது. விருந்தினர் கையால் ஊட்டும் பிஸ்கட்டும், மிஞ்சிய பிரியாணியும் அன்பின் பெயரால் நாம் செய்யும் கேடு. விலா எலும்புகள் கைக்குத் தட்டுப்படும் அளவிலேயே எடையை வைத்திருக்க வேண்டும். உணவைச் சிறு பங்குகளாகப் பிரித்துக் கொடுப்பது நல்லது. அடுத்தது, கழுத்துப்பட்டை. தோல் பொருள்களுக்குப் பெயர்பெற்ற ஊரில் இருந்துகொண்டு இதைச் சொல்வது விந்தையாகத் தோன்றலாம். ஆனாலும் இந்த நாய்களின் கழுத்தில் பட்டை கட்டி இழுக்கக் கூடாது. மார்பைச் சுற்றி அணிவிக்கும் வார்ப்பட்டையே ஏற்றது.

கோடையில் நடைப்பயிற்சி, சூரியன் எழுவதற்கு முன்னரோ தரை ஆறிய பின்னரோ மட்டும் இருக்க வேண்டும். தார்ச்சாலையில் புறங்கையை வைத்துப் பார்த்து, பொறுக்க முடியாவிட்டால் வெளியே அழைத்துச் செல்லாதிருப்பதே முறை. மழைக்காலப் புழுக்கமும் ஆபத்தானது; காற்றில் ஈரம் மிகும்போது மூச்சிரைப்பால் வெப்பம் ஆவியாவதில்லை. வீட்டுக்குள் கொசுவத்தி, சாம்பிராணி, ஊதுவத்திப் புகையைத் தவிர்க்க வேண்டும். போகியன்று பழம்பொருள்கள் எரியும் காலையிலும், தீபாவளி இரவிலும் சன்னல்களைச் சாத்தி வைப்பது அவசியம். ஆலைப்பக்கத்திலிருந்து காற்று வீசி நாற்றம் கடுமையாகும் வேளையில் மாடிக்கோ தெருவுக்கோ அழைத்துச் செல்லாமல் இருக்கலாம். நிறுத்திய காருக்குள் ஒரு நிமிடமும் விட்டுச் செல்லக் கூடாது.

இவ்வளவுக்குப் பிறகும் நெருக்கடி வரலாம். ஈறும் நாக்கும் நீலம் பாய்ந்தாலோ, நாய் தள்ளாடினாலோ, மூச்சிரைப்பு ஓய்வெடுத்த பின்னும் அடங்காவிட்டாலோ அது அவசரநிலை. வெப்பத்தாக்கு எனில், முதலில் குளிர்வித்து அதன் பிறகே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும் என்பது இன்றைய மருத்துவ அறிவுரை. குழாய்த் தண்ணீரை உடல்மீது தொடர்ந்து ஊற்றி, மின்விசிறிக் காற்றுப் படும்படி செய்ய வேண்டும். ஈரத் துண்டால் போர்த்தி வைப்பது வெப்பத்தை உள்ளேயே தேக்கிவிடும். வீட்டில் மனிதருக்கு வைத்திருக்கும் இளைப்பு மருந்தையோ மாத்திரையையோ தாமாகக் கொடுப்பது ஆபத்து. இது பெரிதும் உடலமைப்பினால் ஏற்பட்ட அடைப்பு என்பதால் அதனால் பயனுமில்லை.

நிலையான நிவாரணம் அறுவை சிகிச்சைதான். நாசித் துளையை அகலப்படுத்துவதும், மென்னண்ணத்தைக் குறைப்பதும் இன்று செய்யப்படுகின்றன. குரல்வளை பழுதாவதற்கு முன், இளவயதிலேயே செய்தால் பலன் மிகுதி. இந்நாய்களுக்கு மயக்க மருந்து கொடுப்பதே கவனத்துக்குரியது. மயக்கம் தெளியும் வேளையில் மூச்சு அடைபடக்கூடும். எனவே, இதில் பட்டறிவு உள்ள மருத்துவர்களை நாட வேண்டும். நம் பகுதியினர் பலருக்கு அது சென்னைக்குப் போய்வருவதாகவே முடிகிறது. மனிதர் வைத்தியத்துக்கு நாடெங்கிலுமிருந்து மக்கள் வேலூருக்கு வருகிறார்கள். நாயின் மூச்சுக்காக நாம் ரயிலேற வேண்டியிருக்கிறது.

இனி, கணக்குக்கு வருவோம். மருத்துவச் செலவு, கோடை முழுவதும் ஓடும் குளிர்சாதனத்துக்கான மின்கட்டணம், யாரேனும் ஒருவர் எப்போதும் வீட்டில் இருக்க வேண்டிய கட்டாயம், இவை எல்லாம் குட்டியை விற்றவரின் ரசீதில் இல்லை. பல ஆண்டுகள் ஒவ்வொரு மூச்சையும் போராடிப் பெறும் நாயின் துன்பம் எந்த ரசீதிலும் இல்லை. ஒரு பரிவர்த்தனையின் செலவு, அதில் பங்கேற்காத ஒருவர் தலையில் விழுவதைப் பொருளியலில் புறச்செலவு என்போம். 1920-இல் ஆர்தர் பிகு தம் பொருள்நல நூலில் விரிவாக ஆராய்ந்த கருத்து இது. விற்பவருக்கு ஆதாயம், வாங்குபவருக்கு மகிழ்ச்சி. செலவைச் சுமப்பதோ விலை பேசும் இடத்தில் வாய் திறக்க முடியாத உயிர்.

இச்சந்தையில் இன்னொரு குறையும் உண்டு. பழைய கார் விற்பவருக்கு அதன் பழுது தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. அத்தகைய சந்தையில் நல்ல பொருள் மெல்ல வெளியேறிவிடும் என்று 1970-இல் ஜார்ஜ் அகர்லாஃப் விளக்கினார். அதற்காக 2001-இல் நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. எட்டு வார நாய்க்குட்டியும் அப்படித்தான். அந்த வயதில் அதன் மூச்சு பெரும்பாலும் சீராகவே தெரியும். தாய் தந்தை நாய்கள் எப்படி மூச்சுவிடுகின்றன என்பதை விற்பவர் அறிவார். வாங்குபவர் பார்ப்பது குட்டியின் முகத்தை மட்டுமே. முகவாய் சற்று நீண்ட, நலமான நாய்களை வளர்ப்பவருக்குச் சந்தையில் கூடுதல் விலை கிடைப்பதில்லை. தட்டை முகத்துக்குத்தான் கிராக்கி.

அந்தக் கிராக்கியை இந்தியாவில் பெருக்கியதில் விளம்பரத்துக்குப் பெரும்பங்கு உண்டு. 2003-இல் ஹட்ச் கைப்பேசி நிறுவனத்தின் விளம்பரத்தில், சிறுவன் செல்லுமிடமெல்லாம் பின்தொடர்ந்த பக் நாய் நாட்டையே கவர்ந்தது. 'ஹட்ச் நாய்' என்று கேட்டு வாங்கும் அளவுக்கு அப்பெயர் நிலைத்தது. சிறுவனின் பின்னால் வயல்வெளியிலும் தெருவிலும் சளைக்காமல் ஓடிய அந்தக் காட்சி, இந்த இனத்தால் எளிதில் இயலாத ஒன்றையே அதன் இயல்பாகக் காட்டியது.

இந்த இடத்தில்தான் வேலூரின் பெயர் பொருத்தமாக நினைவுக்கு வருகிறது. தோல் ஆலைக் கழிவால் பாலாறும் கிணறுகளும் கெட்டதை எதிர்த்து, வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்பதும், கேடு நிகழும் முன்பே தடுக்க வேண்டும் என்பதும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதிகள் என்று அத்தீர்ப்பு அறிவித்தது. இன்று இந்தியா முழுவதும் சுற்றுச்சூழல் வழக்குகளில் மேற்கோள் காட்டப்படும் தீர்ப்பு அது. பாலாற்று மாசு தொடர்பாக 2025 ஜனவரியிலும் உச்சநீதிமன்றம், பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீடு வழங்கி அதை மாசுபடுத்தியோரிடம் வசூலிக்குமாறு பணித்தது. தோலின் விலையில் ஆற்றின் விலை சேரவில்லை என்பதே அந்த நெடிய வழக்கின் சாரம். நாய்க்குட்டியின் விலையில் அதன் மூச்சின் விலை சேரவில்லை என்பதும் அதே வகைக் குறைபாடுதான்.

நச்சு வாயு தாக்கித் தொழிலாளர்கள் கழிவுத் தொட்டிகளில் மாண்ட பகுதியில், நாயின் மூச்சைப் பற்றிக் கவலைப்படுவது மேல்தட்டு ஆடம்பரம் அல்லவா என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. மனித உயிருக்கே முதலிடம் என்பதில் ஐயமில்லை. ஆனால், இரண்டிலும் நிகழ்வது ஒன்றே: பேரம் பேச வலுவில்லாதவர் மீது செலவு தள்ளப்படுகிறது. அந்தப் பழக்கத்தை ஓரிடத்தில் கேள்வி கேட்கக் கற்றவர், மற்றோரிடத்திலும் கேட்கவே செய்வார். நாயின் மீதான இரக்கம் தொழிலாளியின் பங்கிலிருந்து கழிக்கப்படுவதில்லை.

சட்டம் இத்துறையில் முற்றிலும் மௌனமாக இல்லை. மத்திய அரசின் 2017-ஆம் ஆண்டு நாய் இனப்பெருக்கம் மற்றும் விற்பனை விதிகள், வளர்ப்பாளர்கள் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும் என்கின்றன. எட்டு வாரம் நிறையாத குட்டிகளை விற்பதையும் தடை செய்கின்றன. தமிழ்நாடு அரசு 2024-இல் வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கை, நம் தட்பவெப்பத்துக்குப் பொருந்தாத அயல் இனங்களின் வணிக இனப்பெருக்கத்தைத் தடுக்க முற்பட்டது. பக், பிரெஞ்சு புல்டாக் ஆகியவையும் அப்பட்டியலில் இடம்பெற்றன. நோக்கம் பாராட்டுக்குரியது. எனினும், தேவை குறையாத பொருளுக்குத் தடை மட்டும் விதித்தால் வணிகம் மறைவிடத்துக்கு நகரும் என்பது பொருளியலின் பழைய பாடம். அப்போது விற்பவரின் பொறுப்பு இன்னும் குறைந்துவிடும்.

தடையுடன் வேறு சிலவும் தேவை. நெதர்லாந்தில், முகவாயின் நீளம் தலையோட்டின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறைவாக உள்ள நாய்களை இனப்பெருக்கத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்று 2019-இல் அளவுகோல் வகுத்தார்கள். பிரிட்டனில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உருவாக்கிய முறையில், நாயை மூன்று நிமிடம் விரைந்து நடக்கவைத்து, அதற்கு முன்னும் பின்னும் மூச்சொலியைக் கேட்டு, 0 முதல் 3 வரை தரம் அளிக்கிறார்கள். இதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை. பயிற்சி பெற்ற மருத்துவரும் ஒரு ஸ்டெதஸ்கோப்பும் போதும். தாய் தந்தை நாய்களின் தரச்சான்று இல்லாமல் குட்டியை விற்கக் கூடாது என்றும், குறிப்பிட்ட காலத்துக்குள் மூச்சடைப்பு நோய் உறுதியானால் சிகிச்சைச் செலவில் ஒரு பங்கை விற்றவர் ஏற்க வேண்டும் என்றும் விதி செய்யலாம். முகத்தைக் குட்டையாக்கினால் செலவு தமக்கே திரும்பும் என்று தெரிந்தால், வளர்ப்பாளர்கள் நீண்ட முகவாயைத் தேர்ந்தெடுக்கத் தொடங்குவார்கள். மாவட்டக் கால்நடை மருத்துவமனைகளில் இந்த அறுவை சிகிச்சைக்குப் பயிற்சியும் வசதியும் ஏற்படுத்துவது, ஏற்கெனவே துன்புறும் நாய்களுக்கு உடனடி உதவியாகும்.

வாங்குபவர்க்கும் கடமை உண்டு. நாய் வேண்டுவோர்க்கு ராஜபாளையம், கோம்பை, சிப்பிப்பாறை, கன்னி என நீண்ட முகவாயுடன் இவ்வெயிலுக்குப் பழகிய இனங்கள் தமிழகத்திலேயே உள்ளன. இடவசதி குறைந்த வீட்டுக்கு, தெருவில் பிறந்த குட்டியைவிடப் பொருத்தமான துணை வேறில்லை. ஏற்கெனவே குறுமுக நாயை வளர்ப்பவர்கள் அதைக் கைவிட வேண்டும் என்று இதற்குப் பொருளன்று. அவை நம் பொறுப்பு, இறுதிவரை நம் பொறுப்பு. அவற்றை இணைசேர்த்துக் குட்டிகள் பெறாதிருப்பதும் அந்தப் பொறுப்பில் அடங்கும்.

கோடை முழுவதும் எங்கள் வீட்டில் ஒருவர் பின்னிரவில் எழுந்து, நாயின் மூச்சு சீராக இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் மீண்டும் படுக்கிறோம். அதை நாங்கள் சுமையாக எண்ணவில்லை. ஆனால், ஒரு முகத்தின் அழகுக்காக ஓர் உயிர் ஆயுள் முழுவதும் மூச்சுக்கு ஏங்கும்படி பிறக்கவைப்பது தவிர்க்கக்கூடிய கொடுமை. மாசுபடுத்தியவரே விலை கொடுக்க வேண்டும் என்று நாட்டுக்கு நினைவூட்டிய மண் இது. குட்டியின் முகத்தைப் பார்த்து விலை பேசும் முன், அதன் தாய் எப்படி மூச்சுவிடுகிறது என்று ஒரு நிமிடம் காதுகொடுத்துக் கேட்கும் வழக்கமும் இங்கிருந்தே தொடங்கட்டும்.